பர்கூருக்கு நான் கொடுத்த ரிப்போர்ட்

காலை ஆறரை மணிக்கு ரேடியோவில் நாங்கள் ஒன்பது பேர் கூடுவோம். ஜூஜுவாடியில் நான், கிருஷ்ணகிரியில் டயர் கடை வைத்திருக்கும் பாய், பர்கூரில் டெலிபோன் கேபிள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். மற்ற ஆறு பேர் ஊத்தங்கரை வரைக்கும் சிதறிக் கிடப்பவர்கள். சொந்த செட்டில் பேசிக்கொள்ள எல்லோரிடமும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் உண்டு. பேச்சு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. மழை பெய்ததா, மாமரம் பூ எடுத்ததா, யாருக்குச் சளி, யார் வீட்டில் கரண்ட் இல்லை. தமிழில் தொடங்கித் தெலுங்கில் புகுந்து கன்னடத்தில் முடியும். எனக்கு ஏழே காலுக்குக் கம்பெனி பஸ். அதற்குள் முடித்துக்கொள்வோம்.

கூட்டத்தை நடத்துவது நான். ஒவ்வொருவரின் அடையாள எழுத்துகளையும் வரிசையாகக் கூப்பிடுவேன், அவர்கள் பதில் சொல்வார்கள். குரலை வாங்கித் தூரத்துக்கு அனுப்ப எங்களுக்கு மலைமேல் கருவி கிருவி எதுவும் கிடையாது. ஒரே அலைவரிசையில் நேருக்கு நேர் பேசுவதுதான். அதில் ஒரு சங்கடம் உண்டு. நாம் பேசியது போய்ச் சேர்ந்ததா என்று நம் செட்டுக்குத் தெரியாது. கேட்டவன் வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு. அதனால் எங்களிடம் எந்த ஒழுங்கு இல்லாவிட்டாலும் ஓர் ஒழுங்கு உண்டு. தன் குரல் எப்படி வருகிறது என்று ஒருவர் ரிப்போர்ட் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தெளிவுக்கு ஐந்து வரை, வலுவுக்கு ஒன்பது வரை மார்க். சண்டைக்காரனாக இருந்தாலும் மார்க்கைக் குறைக்கக் கூடாது.

பர்கூர்க்காரருக்கும் எனக்கும் சண்டை வந்தது நேரத்தை வைத்து. முன்பு ஏழு மணிக்குத்தான் கூடினோம். கம்பெனியில் பஸ் நேரம் மாறியதும் நான் யாரையும் கேட்காமல் ஆறரை என்று அறிவித்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரை நோய். ஆறரைக்கு ஊசி, பிறகு கஞ்சி. ஆளாளுக்கு நேரத்தை மாற்றினால் கூட்டம் எதற்கு, இழுத்து மூடிவிடலாமே என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. டூல் ரூமில் இருபத்தைந்து வருடமாகச் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், ரேடியோவிலுமா என்றிருந்தது. மறுநாள் அவர் ஊசியைத் தள்ளிப் போட்டுவிட்டு ஆறரைக்கே வந்துவிட்டார். நான்தான் மறக்கவில்லை.

புரட்டாசியில் இரைச்சல் ஆரம்பித்தது. நான் பெயர் கூப்பிடத் தொடங்கியதும் யாரோ தங்கள் செட்டில் பேசும் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு வார்த்தை கிடையாது. பின்னால் ஏதோ மோட்டார் உறுமும், அவ்வளவுதான். கூட்டம் கலைந்தால் அதுவும் நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஊத்தங்கரைப் பக்கத்துக் குரல்கள் அதில் மொத்தமாக அமுங்கிப் போயின. ஒரே ஒரு குரல் மட்டும் அமுங்கவில்லை. பர்கூர்க்காரர் பேசும்போது இரைச்சல் காணாமல் போகும், அவர் முடித்ததும் மறுபடி வந்துவிடும்.

இதற்குக் காரணம் எனக்குத் தெரியாதது அல்ல. எங்கள் மாதிரி செட்டில் இரண்டு சிக்னல் மோதினால் வலுவானது மட்டும்தான் கேட்கும். எங்கள் ஒன்பது பேரில் உயரமான கம்பமும் நல்ல ஆன்டெனாவும் அவருடையது. பரீட்சைக்குப் படித்த விஷயம் இது. ஆனாலும் அப்போது எனக்குத் தோன்றியது வேறு. பேசும்போது பேசுகிறார், பேசாதபோது பட்டனைப் பிடித்துக்கொள்கிறார் என்று தோன்றியது. அந்த மோட்டார் சத்தம்கூட அவர் வீட்டு போர் மோட்டார்தான் என்று முடிவு கட்டினேன்.

பாயும் நானும் தேடக் கிளம்பினோம். அந்த நாள்களில் பெயர் கூப்பிடுவதை வேறொருவரிடம் விட்டேன். இரும்பு அளவு டேப்பை வெட்டி, பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி, திசை பார்க்கும் ஆன்டெனா ஒன்று செய்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்லச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் இரைச்சல் அதிகமோ அந்தத் திசைக்கு வரைபடத்தில் ஒரு கோடு. வேறு இடத்தில் நின்று இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் ஆள் இருப்பார். மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, அதுவும் அங்கேயே வருகிறதா என்று சரிபார்ப்பது முறை.

முதல் கோடு கிருஷ்ணகிரி ஊர் எல்லையில் போட்டோம். கிழக்கே, பர்கூர்ப் பக்கம் காட்டியது. அடுத்த ஞாயிறு பர்கூருக்குத் தெற்கே, கல் குவாரிகளைத் தாண்டி ஒரு ரோட்டோரம் நின்றோம். நான் குழாயைத் தூக்கிச் சுற்றுவதைப் பார்த்துவிட்டு நிலத்துக்காரர்கள் நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எந்தத் தொழிற்பேட்டைக்கு அளக்கிறோம் என்று கேட்டார்கள். ரேடியோ என்று பாய் சொன்னதை அவர்கள் நம்பவே இல்லை. அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியோ என்றால் யார்தான் நம்புவார்கள். அந்தக் கோடு பர்கூர் ஊருக்குள்ளேயே போய் விழுந்தது.

மூன்றாவது கோடு சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கத்தில் போட்டது. அது பர்கூருக்குப் போகவில்லை. நன்றாக மேற்கே விலகி, முதல் கோட்டைக் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலேயே வெட்டியது. பாய் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வெகுநேரம் வரைபடத்தையே பார்த்தார். இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்றார். ரயில்வே மின்கம்பியால் வந்த கோளாறு, இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி, அந்தக் கோட்டை நானே அழித்தேன். கம்பெனியில் ஒரு பீஸ் அளவு தவறினால் மெஷினை நிறுத்திவிட்டு மூன்று முறை அளக்கிறவன் நான். அன்றைக்கு அளவு நான் நினைத்த ஆளைக் காட்டியது, அதனால் போதும் என்று விட்டுவிட்டேன்.

குறுக்கிடுகிறவனோடு பேசக் கூடாது, பேசினால் அவனுக்கு அதுதான் தீனி என்பது எங்கள் வழக்கம். பெயரைச் சொல்லாமல், சண்டை போடாமல், ஆளே இல்லாததுபோல் நடந்துகொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, ஆள் பர்கூர்க்காரர்தான், இனி அப்படியே நடந்துகொள்வோம் என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. பாய் மட்டும், முடிவு உங்களுடையது என்றார். மறுநாள் காலை பர்கூரைக் கூப்பிட்டேன். அவர் தெளிவாகப் பதில் சொன்னார், வணக்கம் வைத்தார், மழையைப் பற்றிச் சொன்னார். அவர் முடித்ததும் நான், "பர்கூர் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

இரண்டு வாரம் இப்படி நடந்தது. முதல் சில நாள் அவர் இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்ப்பார். பிறகு குரலை உயர்த்தினார். பிறகு தமிழில் கூப்பிட்டுவிட்டு அதையே தெலுங்கிலும் சொன்னார், பாஷை மாறினால் போய்ச் சேர்ந்துவிடும் என்பதுபோல. நாங்கள் எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் செய்தார்.

"தம்பி, நீங்க பேசறது எல்லாம் எனக்கு நல்லா கேக்குது. நான் கூப்புடறது மட்டும் யாருக்கும் போவ மாட்டேங்குது. உனக்கு என்னுது வருதா?"

அன்று காலை அவர் குரல் எனக்கு ஐந்து ஒன்பது. முழு மார்க். பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் இருந்தது. நடிக்கிறார் என்று நினைத்தேன். என்னிடமே வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"இல்லீங்க சார். ஒண்ணுமே வரல. உங்க ஆன்டெனாவப் பாருங்க."

"செரிப்பா. கேபிள்ல தண்ணி எறங்கியிருக்கும். பாக்குறன்," என்று சொல்லி வைத்துவிட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்கு அடுத்த வாரம் பர்கூர்க்காரர் பதில் சொல்வது நின்றது. இரைச்சல் நிற்கவில்லை. பேச்சை விட்டுவிட்டுப் பட்டனை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து பாய் போன் செய்தார். கடையில் காற்று அடிக்கும்போது கம்பிரஸர் சத்தத்தைக் கவனித்ததாகவும், நம் இரைச்சலுக்குப் பின்னால் உறுமுவது போர் மோட்டார் இல்லை, இதேதான் என்றும் சொன்னார். சாமல்பட்டிக் கோட்டை மறுபடி போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

அழித்த கோட்டைப் பென்சிலால் மறுபடி போட்டோம். வெட்டிய இடத்துக்குக் காலையில் கூட்டம் நடக்கும் நேரத்துக்கே போய் நின்றோம். நெடுஞ்சாலையோரம் ஒரு பஞ்சர் கடை. கூரையில் மூங்கிலில் கட்டிய ஆன்டெனா. உள்ளே கம்பிரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, மலிவான கையடக்க செட்டில் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, செட்டை அணைத்து, கேட்காமலேயே பாயின் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் லைசென்ஸ் இல்லாமல் எங்கள் கூட்டத்தில் வந்து வணக்கம் சொல்லியிருக்கிறார். லைசென்ஸ் இல்லாத ஆளோடு யாரும் பேசாதீர்கள் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன். எனக்கு அது நினைவிலேயே இல்லை. பரீட்சை எழுதிப் பார்த்தாராம், இங்கிலீஷ் வரவில்லை. இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்தபடி பாயிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பர்கூர்ப் பக்கம் நாங்கள் போட்ட இரண்டாவது கோடும் இந்தப் பஞ்சர் கடைக்காரரின் சிக்னல்தான். குவாரியில் அறுத்து நிறுத்திய கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்திருக்கிறது. மலை குறுக்கே நின்றதால் நேராக வர வேண்டியது வரவில்லை. நாங்கள் கல்லைப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறோம்.

அங்கிருந்து நேராகப் பர்கூர் போனோம். வழியில் பாய் ஆப்பிளும் மாதுளையும் வாங்கினார். மன்னிப்புக் கேட்டுவிட்டால் முடிந்துவிடும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே போனோம். வீட்டு வாசலில் கம்பம் கீழே கிடந்தது. மகள் வந்து கதவைத் திறந்தார். அப்பா ஆன்டெனாவைப் பார்க்கிறேன் என்று கம்பத்தில் ஏறி, வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றார். உங்களுக்கெல்லாம் தெரியும் என்று நினைத்தோம், ஒருத்தரும் வரவில்லையே என்று கேட்டார். மழை விட்ட மறுநாள் ஏறினாராம். அறுபத்தெட்டு வயதில்.

கட்டிலில் படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. செட்டைப் பற்றித்தான் சொன்னார். கேபிளை முழுதாக மாற்றினாராம். கனெக்டரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லையாம். மைக்கை மாற்றினாராம், பேட்டரியை மாற்றினாராம். முப்பது வருடம் பழுது பார்த்த எனக்கு இந்தப் பழுது மட்டும் பிடிபடவில்லை, படுத்துக்கொண்டு இதையேதான் யோசிக்கிறேன் என்றார்.

"நீ வந்துட்ட இல்ல. ஒரு தடவ பாத்துடு தம்பி."

செட் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான் போட்டேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு வயராகப் பார்த்தேன். சொல்வதைத் தள்ளிப்போட எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. பாய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"செட்டுல ஒண்ணும் இல்லீங்க சார்," என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கோடுகளை, குவாரியை, பஞ்சர் கடையை, எட்டுப் பேரும் சேர்ந்து எடுத்த முடிவை. அவர் குரல் தினமும் வந்ததையும் சொன்னேன்.

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பிடி வந்துச்சு?" என்று கேட்டார்.

"அஞ்சு ஒன்பது சார்."

"அன்னைக்குப் போன்ல கேட்டனே, அன்னைக்கு?"

"அன்னைக்கும்."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மகளைக் கூப்பிட்டு எங்களுக்கு டீ போடச் சொன்னார். குடித்தோம். கிளம்பும்போது நான் அவர் காலைத் தொடப் போனேன். உடைந்த பக்கம் என்று மகள் பதறித் தடுத்துவிட்டார்.

பஞ்சர் கடைக்காரருக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் கேள்விகளைத் தமிழில் சொல்லி, இங்கிலீஷ் விடைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார். நான் அங்கே போவதில்லை, எனக்கு முகமில்லை. கூட்டத்தை ஏழு மணிக்கு மாற்றிவிட்டேன். கம்பெனிக்குச் சொந்தமாக வண்டியில் போய்க்கொள்கிறேன். பர்கூர்க்காரர் வாக்கர் பிடித்து நடக்கிறாராம், வாசலில் கம்பத்தை மறுபடி நிறுத்தியாகிவிட்டதாம். ஏழு மணி ஆனதும் செட்டைப் போடச் சொல்கிறார், நாங்கள் முடிக்கும்வரை கேட்கிறார், மைக்கை மட்டும் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார் என்று மகள் போனில் சொன்னார்.

தினமும் வரிசையில் அவரைக் கூப்பிடுகிறேன். அவர் இல்லை என்று நான் சொல்வதில்லை. பத்து நொடி விடுகிறேன். அலைவரிசை இப்போது சுத்தமாக இருக்கிறது, யாரும் குறுக்கே வருவதில்லை. பத்து நொடி முடிந்ததும் அடுத்தவரைக் கூப்பிடுகிறேன்.