கரியடுப்பும் கல்யாண பேனரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அப்பா இருந்தார். அம்மா இருந்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, புதுச் சட்டையில் இருந்தார். என் தம்பி இருந்தான், மூன்று வயது. பெண் வீட்டிலிருந்து மூன்று பேர்: பெண்ணின் அப்பா, அம்மா, அக்கா. அந்த அக்கா நர்ஸ். அப்புறம் நான். எனக்கு ஒன்பது வயது.

பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. ஒரு ரூம், ஒரு சமையலறை. சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். அதனால் பெரிய சமையல் எல்லாம் பின்னால்தான். காம்பவுண்டு சுவரை ஒட்டி இரும்புக் கம்பம் நட்டு, மேலே தகர ஷீட் போட்டிருந்தார் அப்பா. அவர் வெல்டர். ஆயில் டிரம்மை நீளவாக்கில் அறுத்து, கால் வைத்து, மேலே கம்பி வலை போட்டு, கரியில் கோழி சுடும் அடுப்பு ஒன்று செய்திருந்தார். தெருவில் வேறு யாரிடமும் அது இல்லை.

மாமா எங்கே போனாலும் அந்த அடுப்பைப் பற்றித்தான் பேசுவார். வண்டலூருக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் பேசினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீடு பார்க்க வாருங்கள், சுட்ட கோழி சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அது நவம்பர் மாதம்.

அப்பாவுக்கு அதிலிருந்து தூக்கம் இல்லை. காரணம் உண்டு. தம்பியின் முதல் பிறந்தநாளுக்கு இதே அடுப்பில் கோழி வைத்தபோது சாரல் அடித்து நெருப்பு அவிந்துவிட்டது. பாதி வெந்ததைத்தான் எல்லோருக்கும் போட்டோம். உன் வீட்டுக் கோழி தட்டிலிருந்து எழுந்து நடந்ததே என்று சொந்தக்காரர்கள் இரண்டு வருடமாகக் கேட்டார்கள். மாமாவுக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் தன்னால் போனதாக ஆகும் என்று அப்பா பயந்தார். அவர் அப்படிச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை கல்யாண மண்டபத்து வாட்ச்மேனிடம் கேட்டு மூன்று பழைய ஃபிளெக்ஸ் பேனர் வாங்கி வந்தார். மாமா ஒரு முனையைப் பிடிக்க, இவர் கம்பத்தோடு இழுத்துக் கட்டினார். கீழே செங்கல் அடுக்கி மண் போட்டார். உள்ளே போய்வரக் கதவு போல விட்ட வாசல் பக்கத்துப் பேனர் காற்றில் அடித்துக்கொண்டதால் அதற்கும் வெளியிலிருந்து கயிறு போட்டார். யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் பெரிய முகத்தோடு எங்கள் பின்வாசலைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“ஒரு சொட்டு உள்ள வராது மச்சான்,” என்றார் அப்பா. இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அம்மா உள்ளே போனால் தெரியவில்லை. கூடப் போகவும் முடியாது. போன மாதம் அந்த டிரம்மில் கை வைத்துப் புண்ணாக்கிக்கொண்டதிலிருந்து எனக்கு அங்கே தடை. உடைந்த குடைக் கம்பி ஒன்று என்னிடம் இருந்தது. அதால் மாப்பிள்ளையின் கண்ணில் குத்தினேன். அம்மாவின் முதுகு தெரிந்தது. அம்மா நகர்ந்தாள். அந்த இடத்துக்கு ஒன்று குத்தினேன். அம்மா குனிந்தால் பார்க்கக் கீழே ஒன்று. இப்படியே சனிக்கிழமை மாலை வரை.

மாலை பெய்த மழையில் அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிக் கரி மூட்டையை நனைத்தது. அப்பா பேனரைத் தடவிப் பார்த்தார்.

“யாரு குத்துனது?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“நான்தாங்க. காத்து வரணும்ல, அதுக்கு.”

“காத்து இன்னாத்துக்கு? காத்து வந்தா மழையும் கூடவே வரும்.”

சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி, பஞ்சர் சொல்யூஷன் தடவி, ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தார். அடைத்துவிட்டு மேலே பார்த்தார். ஷீட்டுக்கும் பேனருக்கும் நடுவில் ஒரு சாண் சந்து இருந்தது. அதிலும் சாக்கைத் திணித்தார். அம்மா எனக்காகப் பொய் சொன்னது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். எப்போது வெளியே வருமோ என்று குடைக் கம்பியை ஒளித்து வைத்தேன்.

ஞாயிறு காலையிலிருந்து விடாத மழை. பெண் வீட்டார் பன்னிரண்டு மணிக்கு நனைந்துகொண்டு வந்தார்கள். வீட்டுக்குள் இரண்டு இடத்தில் ஒழுகியது, பாத்திரம் வைத்திருந்தோம். தம்பிக்குச் சளி. பின்னால்தான் வெதுவெதுப்பாக இருக்கிறது, ஈரமும் இல்லை என்று அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போனாள். அப்பா வெளியே கயிற்றைக் கட்டினார். ஆனதும் கூப்பிடு, அவிழ்க்கிறேன் என்றார். விறகு என்றால் புகை கண்ணைக் கரித்திருக்கும். இது கரி. நன்றாகப் பிடித்த கரியில் புகை தெரியாது. இவ்வளவு மழையில் சமையல், புகையே இல்லையே என்று பெண்ணின் அப்பாகூட ஆச்சரியப்பட்டார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் டீ கொடுத்தேன். டம்ளர் எடுத்தேன். அம்மா கூப்பிடவே இல்லை. வெளியே போய் நின்றேன். கோழி தீய்கிற வாசனை வந்தது. மாப்பிள்ளையின் கண்ணில் அப்பா ஒட்டிய டியூப் இருந்தது. நகத்தால் கிள்ளினேன். ஈரத்தில் ஒட்டியது என்பதால் உரிந்து வந்துவிட்டது.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தம்பி மடியில் கிடந்தான். இரண்டு பேரும் தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். கோழி ஒரு பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. மாமா கல்யாணம் போச்சு என்றுதான் எனக்குத் தோன்றியது. சத்தம் போட்டால் வந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். அம்மா அம்மா என்று ஓட்டையில் வாய் வைத்து மெதுவாகக் கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை. உள்ளே போய் அப்பா காதில் சொன்னேன்.

“கோழி தீயுதுப்பா. அம்மா தூங்கினு கீது.”

அப்பா சிரித்த முகத்தோடு எழுந்து வந்தார். கண்ணை வைத்துப் பார்த்தார். கயிற்றுக்குப் போனார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. அவர் கட்டிய முடிச்சு. பல்லால் கடித்தார். அப்புறம் சமையலறைக்கு ஓடிக் கத்தியோடு வந்து பேனரை மேலிருந்து கீழே கிழித்தார்.

முதலில் தம்பி வந்தான். தலை தொங்கியது. நர்ஸ் அக்கா பட்டுப்புடவையோடு மழையில் இறங்கி அவனை வாங்கினாள். மாமாவும் அப்பாவும் அம்மாவைத் தூக்கி வந்தார்கள். வீட்டுக்குள் கொண்டுபோகத் திரும்பினார்கள்.

“உள்ள வேணாம்ண்ணா. இங்கயே காத்துல படுக்க வைங்க. ஆட்டோ கூப்பிடுங்க,” என்றாள் அக்கா.

மழை முகத்தில் அடித்துத் தம்பி அழுதான். அம்மா வாந்தி எடுத்தாள். அக்கா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“புகை தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு நெனச்சீங்களா? கரியில வர்ற விஷக் காத்து கண்ணுக்குத் தெரியாது. கரி அடுப்ப இப்படியா மூடுவாங்க?”

அப்பா ஆட்டோவுக்கு ஓடினார்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் மூக்கில் காற்று வைத்தார்கள். என்னைப் பெண்ணின் அம்மா பார்த்துக்கொண்டாள். எங்கள் சமையலறையில் ரசம் வைத்துச் சோறு போட்டாள். மாமாவின் கல்யாணம் நிற்கவில்லை. அந்த அக்காவின் தங்கைதான் இன்றைக்கு எனக்கு அத்தை.

மறுநாள் மத்தியானம் அம்மாவும் தம்பியும் வீட்டுக்கு வந்து படுத்தார்கள். மழை விட்டிருந்தது. அப்பாவைக் காணவில்லை. பின்னால் போய்ப் பார்த்தேன். கிழிந்த பேனரைத் தரையில் விரித்து, முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு ஓட்டையாக விரல் வைத்துக்கொண்டிருந்தார். டியூப் ஒட்டியது, நான் உரித்தது, எல்லாவற்றிலும்.

பொய் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா காற்றுக்காகக் குத்தவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார், ஓட்டைக்கு ஓர் அடி என்று எண்ணுகிறார் என்றே அப்போது நினைத்தேன். அம்மாவை அடிக்கக் கூடாது. பக்கத்தில் போனேன்.

“நான்தான்பா குத்துனேன். அம்மா இல்ல.”

அப்பா நிமிரவில்லை. காதில் விழுந்ததா என்றும் தெரியவில்லை. விரலை மறுபடி மாப்பிள்ளையின் கண்ணுக்குக் கொண்டுபோய், முதலிலிருந்து எண்ணினார். நானும் கூடவே எண்ணினேன்.

பதினொன்று.