தீவன லாரிக்குத் திறந்த வாசல்

பையில் நான்கு சிலேட்டோடு மல்லசமுத்திரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். போன ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, உச்சி வெயில். அரை மணிக்கு முன்புதான் ஒரு கோழிப்பண்ணை வாசலில் என்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

விசுவாசிகளே, நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். போர்வெல் தோண்டும் ரிக் வண்டியில் ஏறி ஒடிசா வரை சுற்றியவன். எந்த ஊரிலும் ஆறு மாதம் தங்கியதில்லை. அங்கே ஒட்டிக்கொண்ட ஒடியா மொழியை வைத்துத்தான், இங்கே பண்ணைக்குள்ளேயே குடியிருந்து வேலை செய்யும் ஒடிசாக்காரர்களின் பிள்ளைகளுக்கு எழுத்தும் இயேசுவின் கதையும் சொல்லிக்கொடுத்தேன். என்னைத் திருப்பி அனுப்பிய பண்ணையில் இருந்த ஒன்பது வயது ஜமுனா தன் பெயரை எழுதப் பழகி எட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அன்று வாசலில் பண்ணைக்காரர் என் காலைப் பார்த்துத்தான் பேசினார்.

"வாத்தியாரே, காலைல அடுத்த பண்ணைக்குப் போனீங்களா?"

"ஆமாங்க."

"இதே செருப்போட?"

"ஆமாங்க."

"அங்கிருந்து நோய் வந்துச்சுன்னா என் கோழி அத்தனையும் போயிருமுங்க. இனி இந்தப் பக்கம் வராதீங்க. ஆளு ஒருத்தன் வேற ஊருக்கு ஓடிட்டான். நாளைலிருந்து ஜமுனாதான் முட்டை பொறுக்கோணும்."

தப்பு என்னுடையது. அதற்கு அந்தப் பிள்ளைக்கா தண்டனை? என்னை இந்த வேலைக்கு அனுப்பிய ஊழியத் தலைவருக்குப் போன் செய்தேன். "விடுங்க தம்பி, வேற பண்ணை பாருங்க" என்றார். பிள்ளைகள் என்ன பஸ்ஸா, ஒன்று போனால் அடுத்ததில் ஏறிக்கொள்ள?

நடந்துகொண்டே கர்த்தரோடு சண்டை போட்டேன். "பிள்ளைகளைத் தடுத்த சீஷர்களைக் கண்டித்தவர் நீர்தானே? இந்த வாசல் மட்டும் உமக்குத் தெரியவில்லையா? திறந்துவிடும்." வாய்விட்டே கத்தினேன்.

தீவன லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. "ஏனுங்க சாமி, யாரத் திட்டிட்டு நடக்கறீங்க?" என்று டிரைவர் சிரித்தார். நடந்ததைச் சொன்னேன்.

"எங்க வண்டி தினம் நாலு பண்ணைக்குப் போவுதுங்க. டயருக்கு மருந்தடிச்சு உள்ள உட்டுருவாங்க."

"லாரிக்கு இருக்கிற மருந்து மனுசனுக்கு இல்லையாங்க?"

"லாரி தீவனம் கொண்டு போவுது. நீங்க என்னத்தக் கொண்டு போறீங்க? அந்தப் புள்ள பொறுக்கக் கூடாதுன்னா நீங்க பொறுக்குங்க. கை ரெண்டும் நல்லாத்தானே இருக்குது?"

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனாலும் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அதே லாரியில் திரும்பினேன்.

"நான் பொறுக்கறேனுங்க. ஜமுனாவ உடுங்க. மத்தியானம் பாடம் சொல்லித்தருவேன்."

பண்ணைக்காரர் யோசித்தார். "உள்ளயேதான் இருக்கோணும். வேற பண்ணை, ஊர்சுத்தறது, சர்ச்சு, எதுவும் ஆகாது. முடியுமா?"

முடியும் என்றேன். என் வாய்தான் சொன்னதா என்று எனக்கே ஆச்சரியம்.

அதனால்தான் சபையில் நின்று சொல்லாமல் எழுதி அனுப்புகிறேன். ஜமுனா இப்போது ஒரு பக்கம் முழுக்க வாசிக்கிறாள். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிப் பண்ணைக்காரரோடு இன்னும் சண்டை போடுகிறேன். கோபம் தீரவில்லை, ஆனால் நன்றி அதைவிடப் பெரிது. ஊர் ஊராக ஓடிய என்னை ஓரிடத்தில் நிற்கவைத்தாரே! நீங்களும் கோபத்தோடே அவரிடம் போங்கள். கேட்பார். ஆனால் உங்களையே அனுப்பினால் முறைக்காதீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குக் கால்களை மருந்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். ஜமுனா முட்டை அட்டையோடு முதல் வரிசையில் நின்றாள். இனி பொறுக்க வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போல. அட்டையை வாங்கிக்கொண்டு சிலேட்டைக் கொடுத்தேன். முட்டை பொறுக்க ஆரம்பித்தேன்.