ஐம்பதாவது மீட்டரில் வரப்பு

அம்சம் என்ற அந்த அம்மாவை நான் முதன்முதலில் பார்த்தது தாலுக்கா ஆபீஸ் வாசலில். இடது கையில் முழங்கை வரை கட்டு, வலது கையில் ஒரு பட்டா நகல். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யார் காகிதத்தை நீட்டினாலும் வாங்கிப் படித்துச் சொல்லாமல் விட்டதில்லை. சைபர் ஹெக்டேர் முப்பத்தேழு ஏர்ஸ் என்று படித்தேன். "மூணு மா இருக்கா தம்பி அதுல?" என்றார். மா என்பது பழைய நில அளவு. போனை எடுத்துக் கணக்குப் போட்டேன், சரியாக வரவில்லை. எத்தனை அடிக் கோலால் அளந்த மா என்று தெரிந்தால்தானே வரும்? நிலத்தை அளந்து கொடுக்கும்படி மனு எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே அவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். மிச்சத்தைப் பின்னால் கேட்டேன்.

அம்சத்தின் புருஷன் ஞானம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பிழைக்க வந்தவர். குத்தாலத்துக்குக் கிழக்கே உள்ள இந்த ஊரில் மூன்று மா நஞ்சை வாங்கினார். பத்திரத்தில் 'மேற்கு ஓரம் மூன்று மா' என்று மட்டும் இருந்தது. நூறு குழி ஒரு மா. கோல் நீளம் எவ்வளவோ, அவ்வளவு சதுரம் ஒரு குழி. அக்கரையில் கோல் பன்னிரண்டு அடி. ஞானம் தன் ஊர் வழக்கப்படி மூங்கில் வெட்டி அளந்தார். நிலம் குறைந்தது. கிழக்குப் பக்கத்து மாசிலாமணி வரப்பைத் தள்ளித் தின்றுவிட்டான் என்று முடிவு கட்டினார்.

முதல் வருஷம் வாய்ச்சண்டை. இரண்டாம் வருஷம் மாசிலாமணியின் நாற்றங்காலில் மாட்டை விட்டு மிதிக்க வைத்தார் ஞானம். பதிலுக்கு அவர் முன்பல் இரண்டு போனது. மூன்றாம் வருஷம் மாசிலாமணியின் தம்பிக்குக் காது பிய்ந்து தொங்கியது. போலீஸ் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து எழுதி வாங்கி அனுப்பியது. நிலத்தை மட்டும் யாரும் அளக்கவில்லை.

புரட்டாசி நடவு சமயம். காலையிலேயே கோலைப் போட்டுக்கொண்டு ஞானம் பழைய வரப்பை வெட்டித் தள்ளினார். நாலு மீட்டருக்கு மேல் கிழக்கே போய்ப் புது வரப்புக்குச் சேறு அள்ளி வைத்தார். கஞ்சித் தூக்கோடு அம்சம் போய்ச் சேர்ந்தபோது மாசிலாமணி மண்வெட்டியை ஓங்கியிருந்தான். முதல் அடி தோளில். இரண்டாவது தலையில். ஞானம் சேற்றில் குப்புற விழுந்தார். மூன்றாவது அடிக்கு மண்வெட்டி இறங்கியபோது அம்சம் தகட்டைக் கையால் பிடித்தார். மூன்று விரல்களின் நரம்பு அறுந்தது. புருஷனைப் புரட்டிப் போட்டு வாயிலிருந்து சேற்றை வழித்தார். மூச்சு இல்லை. மாசிலாமணி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தானாம்.

திருப்பூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மகன் சிவசங்கரன் காரியத்துக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பட்டறையில் ஒரு அரிவாள் அடித்து வாங்கினான். அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று பாய்க்கு அடியில் வைத்தான். அம்சம் வீடு கூட்டும்போதெல்லாம் அதைப் பார்ப்பார், பார்க்காதது மாதிரி பாயைப் போடுவார். புருஷன் போய்விட்டான், இவனும் ஜெயிலுக்குப் போனால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்பது ஒன்றே அவர் நினைப்பு. தை பிறந்ததும் மாசிலாமணி ஜாமீனில் வந்துவிட்டான்.

அன்றைக்கு மகனை உட்கார வைத்துக் கேட்டார். சர்வேயர் வந்து அளக்கிற வரை பொறுப்பதாக அவன் ஒப்புக்கொண்டான். "நம்ம மண்ணுன்னு வந்துட்டா என்னைத் தடுக்காதம்மா" என்றான். அந்த மனுவைத்தான் மறுநாள் நான் எழுதினேன்.

மாசியில், அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் சர்வேயர் விண்ணரசி வந்தார். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர், கழுத்தில் சிலுவைச் சங்கிலி, காலில் கிரிக்கெட் ஷூ. கூடவே ஒரு போலீஸ்காரர். வரைபடத்தை வைத்துக்கொண்டு மேற்கே புதைந்து கிடந்த இரண்டு எல்லைக் கல்லையும் தோண்டிக் காட்டினார். மாசிலாமணி தன் பக்கத்தில் கை கட்டி நின்றான். சிவசங்கரன் அப்பாவின் கோலைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். "இதால அளங்க, எங்கப்பா அளந்த கோலு இது" என்றான்.

விண்ணரசி கோலை வாங்கி டேப்பை அதன் மேல் ஓட்டினார். "இது அக்கரைக் கோலு. உங்களுக்கு வித்தவர் இந்த ஊர்க்காரர், இங்க கோலு பதினொன்னரை அடி. நீங்க உங்க கோலால மூணு மா கேட்டிருக்கீங்க, அவங்க அவங்க கோலால மூணு மா குடுத்திருக்காங்க" என்றார். மாசிலாமணியின் பக்கமிருந்து யாரோ சிரித்தார்கள். விண்ணரசி திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பிறகு டேப்பின் முனையைச் சிவசங்கரனிடமே நீட்டினார். "மீட்டருக்கு ஊர் கிடையாது தம்பி. வேளாங்கண்ணியில எவ்வளவோ அவ்வளவுதான் குத்தாலத்துலயும். நீங்க புடிச்சாலும் அவர் புடிச்சாலும் மாறாது. நீங்களே புடிங்க."

பிடித்தான். வடக்குத் தெற்காக எழுபத்து நாலு மீட்டர். மேற்குக் கல்லிலிருந்து கிழக்கே முதலில் முப்பது, பிறகு இருபது. ஐம்பதாவது மீட்டரில் டேப் வந்து நின்ற இடத்தில் ஞானம் வெட்டித் தள்ளிய பழைய வரப்பின் அடிக்கட்டு, கோரைப்புல்லோடு அப்படியே இருந்தது. விண்ணரசி அம்சத்துக்குப் புரியும்படி சொன்னார்: ஐம்பதும் எழுபத்து நாலும் பெருக்கினால் மூவாயிரத்து எழுநூறு, கடைசி இரண்டு சைபரை எடுத்துவிட்டால் முப்பத்தேழு ஏர்ஸ், பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்குகிற நூற்று நாற்பத்து நாலும் வேண்டாம், யார் காலடியும் வேண்டாம்.

அம்சம் பட்டாவைப் பார்த்தார். முப்பத்தேழு. அஞ்சாவது வரை படித்த அவருக்கே அது விளங்கியது. அவர் புருஷன் அடுத்தவன் நிலத்தில் நின்றுதான் செத்திருக்கிறார்.

சிவசங்கரனுக்கும் விளங்கியது. டேப்பைக் கீழே போட்டான்.

"அப்ப எங்கப்பா எதுக்குச் செத்தாரு?"

அவன் சட்டைக்குள் கை விட்டு முதுகுப் பக்கமிருந்து அரிவாளை உருவினான். போலீஸ்காரர் இருபது முப்பது தப்படி தள்ளி நின்றார். மாசிலாமணி பின்வாங்கிக் கட்டியில் இடறி மல்லாந்து விழுந்தான். அரிவாள் மேலே போனது.

விண்ணரசி அளந்துவிட்டுக் கீழே போட்டிருந்த கோலை அம்சம் எடுத்தார். விரல் மடங்காத இடது கையின் கக்கத்தில் இடுக்கி, வலது கையால் சுழற்றி, மகனின் மணிக்கட்டில் போட்டார். எலும்பு நொறுங்கிய சத்தமும் மூங்கில் பிளந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. அரிவாள் மாசிலாமணியின் காதோரம் மண்ணில் குத்தி நின்றது. சிவசங்கரன் மறுபடியும் இடது கையால் அதை எடுக்கக் குனிந்தான். உடைந்த கோலால் அம்சம் அந்தத் தோளிலும் போட்டார். அவன் மண்டியிட்டு விழுந்தபின்தான் நிறுத்தினார்.

"உங்கப்பாவை இந்தக் கோலு கொன்னுச்சு. உன்னையும் அதுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலமே, மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்து, ஐம்பதாவது மீட்டரில் வரப்பு எடுத்தார். ஒற்றைக் கையால் மண்வெட்டி போட்டார். அந்தப் பக்கத்திலிருந்து மாசிலாமணியின் மனைவி மண் அள்ளி வைத்தாள்.

சிவசங்கரன் கையில் எலும்புக்குத் தகடு வைத்திருக்கிறார்கள்; இப்போது திருப்பூரில் கம்பெனி வேன் ஓட்டுகிறான். மாசம் ஒரு தடவை வருகிறான்; வயல் பக்கம் போவதில்லை. மாசிலாமணி மேல் கொலை வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அம்சமும் அவனும் ஒரே பஸ்ஸில் போக வேண்டியிருக்கிறது. அம்சம் முப்பது மீட்டர் டேப் ஒன்று வாங்கி வீட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். ஊரில் யாருக்காவது வரப்புத் தகராறு என்றால் அதை எடுத்துக்கொண்டு போகிறார். முனையை எதிர்த்தரப்பு கையில் கொடுக்கிறார். இந்த வருஷம் முப்பத்தேழு ஏர்ஸிலும் குறுவை நட்டிருக்கிறார்.