பொட்டுக்குப் பின்னால் எரிந்த விளக்கு

“சாவிய எந்தப் பக்கம் திருப்பணும்னே உனக்குத் தெரியாது. நீ எனக்கு லைட்டு பத்தி சொல்ல வந்துட்டியா?” வேன் ஓட்டுநர் ஏழுமலை அண்ணன் இப்படிக் கேட்டபோது பின்னால் உட்கார்ந்திருந்த பதினொரு பெண்களும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அவர் சொன்னது உண்மைதான். அன்றுவரை எந்த வண்டியின் சாவியையும் நான் தொட்டதில்லை. ஆனால் ஒரு ஷிப்டில் சில நூறு கார்களின் விளக்குகளை எரியவைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்யும் கம்பெனியில் கார்களுக்கான ‘கிளஸ்டர்’ செய்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் முள்ளும் சின்னச் சின்ன விளக்குகளுமாக ஒரு பலகை இருக்குமே, அதுதான். அது பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகத் தொடுகிற கை என்னுடையது. வயரை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிய வேண்டும். ஒன்று எரியாவிட்டாலும் ஓரமாக எடுத்து வைத்துவிடுவேன். அந்த விளக்குகள் எரியும் காரில் உட்கார்ந்து எங்கேயாவது போவது எப்படி இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியாது.

தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வர நினைக்கிற தங்கைகளுக்கும், ஏற்கெனவே வந்து ஏதோ ஒரு விடுதியில் தட்டு கழுவிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். வெட்டு முடிந்தால் லாரியில் கரும்புக்கு மேல் ஏறி உட்கார்ந்து அடுத்த ஊருக்குப் போவோம். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு மலைச்சரிவில் இறங்குகையில் லாரியிலிருந்து கருகல் வாசனை வந்தது. எனக்குப் பயம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்குமா என்று கேட்டேன். அதெல்லாம் டிரைவர் பார்த்துக்குவார் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் வண்டியில் ஏறினால் உயிரை ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைப்பார்கள். பிறகு உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்தேன், பாலிடெக்னிக் முடித்தேன். கம்பெனிக்காரர்கள் கொடுத்த காகிதத்தை அம்மாவுக்கு நானே படித்துக் காட்டினேன். அதில் ‘பாதுகாப்பான விடுதி, வேன் வசதி’ என்று இருந்தது. அம்மா கைநாட்டு வைத்தார். அந்த இரண்டு சொற்களுக்கு என்ன பொருள் என்பது வந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

விடுதி ஆவடிக்கு அந்தப் பக்கம் வெள்ளானூரில் இருக்கிறது. மூன்று மாடி, ஒரே கேட். வயல்களாக இருந்த இடத்தில் கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். நடுநடுவே புதுவீடுகள். கேட்டிலிருந்து முந்நூறு அடி நடந்தால் பஸ் நிறுத்தம். ஆனால் அந்த முந்நூறு அடியை நாங்கள் நடக்கக் கூடாது. காலையில் வேனில் ஏறி கம்பெனிக்குள் இறங்க வேண்டும், மாலையில் கம்பெனிக்குள் ஏறி கேட்டுக்குள் இறங்க வேண்டும். ஆவடியிலிருந்து அம்பத்தூர் போகும் சி.டி.எச். ரோட்டில் கடைகளும் கோயிலும் தியேட்டரும் கண்ணாடிக்கு வெளியே ஓடும். ஒன்றரை வருடம் சென்னையில் இருந்தும் சென்னையின் தரையில் நான் கால் வைத்த தூரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். வார்டன் அம்மா கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். “உங்க அப்பா அம்மாகிட்ட நான்தானே பதில் சொல்லணும்” என்பார். எங்கள் ஊரில் வீட்டுக்குக் கதவு கிடையாது, படல்தான். இங்கே வந்துதான் பூட்டின் சத்தத்தைக் கேட்டுத் தூங்கப் பழகினேன்.

எனக்கு வேனில் வாந்தி வரும். அதனால் என்னை முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். கை பழகிய வேலையைக் கண் விடாது. அண்ணன் சாவியைத் திருப்பும்போதெல்லாம் நான் விளக்குகளை எண்ணுவேன். சாவி போட்டதும் எல்லாம் எரியும், இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக அணையும். அப்படித்தான் அணைய வேண்டும். அந்த வேனில் எப்போதும் ஒன்று குறைந்தது. வட்டத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு, அதாவது பிரேக் விளக்கு, அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெரூன் நிற ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அந்தப் பலகைக்கு மேலே சாமி படம் இருந்தது, அதைச் சுற்றிலும் குங்குமம். அதனால் இதுவும் பக்தியில் ஒட்டியது என்றே முதலில் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து, வானம் மூடிக் கிடந்த ஒரு காலையில், பொட்டின் ஓரத்தில் மெல்லிய சிவப்பு வளையம் தெரிந்தது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. ஹேண்ட் பிரேக் இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

இந்த விளக்குகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிப் பயிற்சி அறையில் கிடந்த கார் கையேட்டைச் சாப்பாட்டு நேரத்தில் அகராதி வைத்துப் படித்துக் கற்றது இது. பச்சையோ நீலமோ எரிந்தால் அது வெறும் தகவல். மஞ்சள் எரிந்தால் ஓட்டலாம், ஆனால் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். சிவப்பு என்றால் ஓரம் கட்ட வேண்டும். எண்ணெய்க் குவளை மாதிரி ஒன்று சிவப்பாக எரிந்தால் உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும், கொஞ்ச தூரம்தானே என்று போனால் இன்ஜினே போய்விடும். தண்ணீரில் நிற்கும் தெர்மாமீட்டர் சிவந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பார்க்க வேண்டும். அதை இறக்கிய பிறகும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

இதையெல்லாம் அண்ணனிடம் எப்படிச் சொல்வது? அவர் அப்பா வயது ஆள். “அண்ணா, பிரேக்...” என்று இழுத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகப் போகிறேன் என்று தலையசைத்தார். மறுநாள் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொன்னார். அவர் பிரேக் போடும் வேகத்தில் எனக்கு வயிறு புரட்டுகிறது என்று புரிந்துகொண்டிருக்கிறார். அந்த வாரம் முழுவதும் வேன் மாட்டுவண்டி மாதிரி போனது. பின்னால் இருந்தவர்கள் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று என்னைத் திட்டினார்கள். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, அந்தச் சிவப்பு வளையத்தைப் பார்த்துக்கொண்டு போனேன். அவ்வளவு அன்பாக நடந்துகொள்கிறவரிடம் இன்னொரு முறை வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு மழை நாளில் திருமுல்லைவாயல் சிக்னலில் முன்னால் தண்ணீர் லாரி நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தார். கால் கீழேவரை போனது. விட்டு மறுபடி மிதித்தார், மூன்றாவது மிதியில்தான் வண்டி நின்றது. லாரியின் பின்பக்கக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சொட்டு எங்கள் கண்ணாடியில் விழும் அளவுக்கு நெருக்கம். பின்னால் யாரும் கவனிக்கவில்லை, பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் வார்டன் அம்மாவிடம் சொன்னேன். வேனைக் குறை சொன்னால் அதை வாடகைக்கு விடும் கான்ட்ராக்டர் எடுத்துக்கொண்டு போய்விடுவார், வேன் இல்லாமல் உங்களை எப்படி வெளியே அனுப்புவேன், யோசித்துப் பேசு என்றார். அன்றைக்குத்தான் விளங்கியது. எங்களுக்கு இருந்த ஒரே வாசல் அந்த வேனின் கதவு. அதில் ஏறினால் பிரேக் இல்லை, ஏறாவிட்டால் பூட்டு.

மறுநாள் காலை எல்லோரும் ஏறியதும் நகத்தால் சுரண்டிப் பொட்டை எடுத்துவிட்டேன். சாவி திரும்பியது, சிவப்பு எரிந்தது, இன்ஜின் ஓடிய பிறகும் அணையவில்லை. “அது சும்மா எரிஞ்சிகினே கீதும்மா. கண்ண உறுத்துதுன்னு ஊட்டுக்காரி பொட்ட எடுத்து ஒட்டினேன்” என்றார் அண்ணன். பிரேக் ஆயில் குறைந்திருக்கும் என்றேன். அப்போதுதான் சாவி பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டார். எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, பானெட்டைத் திறந்து காட்டுங்கள், ஆயில் இருந்தால் இனி பேசமாட்டேன் என்றேன்.

“வா, நீயே வந்து பாரு. நாளைக்கி இன்னொரு பேச்சு வரக் கூடாது” என்று இறங்கினார். பெண்களும் வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார்கள். பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் ஊற்றும் வெள்ளை டப்பாவின் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே, அடியில் கொஞ்சம் கருப்பாகக் கிடந்தது. அண்ணன் நிறைய நேரம் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்ததும் என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்துக் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்.

“சார், நா வண்டி எடுக்கல... பிரேக்கு உள்ள போவுதுன்னு மூணு தபா சொன்னேன் உன்னாண்ட... இல்ல சார், பாக்காத வரிக்கும் ஓட்டினேன். இப்ப பாத்துட்டேன்.”

சாவியை வார்டன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, வெள்ளானூர் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நாங்கள் நடக்கக் கூடாத அந்த முந்நூறு அடியில்.

நான்கு நாட்கள் வேன் வரவில்லை. கேட் திறக்கவில்லை. ஜன்னலில் கொசு வலை, அதற்குப் பின்னால் கம்பி. மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டு. ஆவடிக்குப் போகும் பஸ் ஹாரன் அடிப்பதும் நிறுத்தத்தில் ஆட்கள் பேசுவதும் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் செல்வி மூன்றாம் நாள்தான் வாயைத் திறந்தாள். “லைட்டு எரியறத நீ கண்டுபிடிச்ச. எங்களுக்கு என்னடி கெடச்சுது, பூட்டா?” அம்மா போனில், “ஏன் பாப்பா, வண்டி ஓட்டறவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுடுச்சு?” என்றார். வார்டன் அம்மா சொல்லியிருக்கிறார். நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் சரி என்று தெரிவதால் பூட்டு திறந்துவிடாது.

ஐந்தாம் நாள் வேறு வேன் வந்தது, வேறு ஓட்டுநர் வந்தார். பழைய வேனில் பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்ததாம், குழாயில் கசிவாம். வார்டன் அம்மாவே மெல்ல வந்து சொன்னார். அதோடு ஒரு புதிய விதியும் வந்தது. கதவில் தாள் ஒட்டியிருந்தார்கள்: பெண்கள் முன் சீட்டில் உட்காரக் கூடாது. வாந்தி வந்தால் பிளாஸ்டிக் பை. கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுநரின் முதுகையும் அவர் தலைக்கு மேல் ஆடும் மணியையும் பார்த்துக்கொண்டு போனேன். விளக்குகள் எரிகின்றனவா அணைகின்றனவா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை. லாரியில் கரும்புக்கு மேல் உட்கார்ந்திருந்த அதே இடத்துக்கு என்னைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் படித்த பதினைந்து வருடத்தை யாரோ ஒரு தாளை ஒட்டி மறைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதம் ஒரு முறை வார்டன் அம்மா கூட்டிப்போகும் ஆவடி மார்க்கெட்டில், ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரே கூப்பிட்டார். “இன்னாம்மா ஒளியிற? அந்த வண்டிய உட்டதுல எனக்கு நல்ல தூக்கம் வருது.” முன் சீட்டு விதியைச் சொன்னேன். “அப்ப ஓட்றவன் சீட்ல குந்து. அதுல ஏறக் கூடாதுன்னு எவனும் எழுதி ஒட்டலியே” என்று சொல்லிவிட்டு ஆட்டோவை எடுத்தார். கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது இரவெல்லாம் கிண்டலாகப் படவில்லை.

கம்பெனிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். இருபத்திரண்டு வயது நிரம்பிய நான் என் சொந்தப் பொறுப்பில் வெளியே தங்கி வேலைக்கு வருகிறேன் என்று இரண்டே வரி. கீழே என் கையெழுத்து மட்டும். பெற்றோர் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். என் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்றேன். மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் ஓர் அறை எடுத்தேன். செல்வியும் அதேபோல எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்துவிட்டாள், இன்னும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அண்ணன் சொன்ன அந்த ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார லைசென்ஸ் வேண்டும், அதற்காக ஆதாரில் முகவரியை மாற்றினேன். எங்கள் ஊர்ப் பெயர் இல்லாத என் முதல் காகிதம் அது. “அப்ப நீ இந்த ஊருக்காரி இல்லயா?” என்றார் அம்மா. ரேஷன் அட்டையில் என் பெயர் அங்கேதானே இருக்கிறது என்றேன். அதுவும் இருக்கட்டும், எடுத்துவிடாதே என்றார்.

பழகுநர் உரிமம் வந்துவிட்டது. போன வாரம் ஒரு சாயங்காலம், பூந்தமல்லி டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பாய், வேலப்பன்சாவடி தாண்டி முதன்முதலாக என்னைப் பெரிய ரோட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். எனக்கு முன்னால் தருமபுரி என்று பலகை போட்ட பஸ் ஒன்று போனது. ஏறிவிட்டால் விடிவதற்குள் எங்கள் பக்கம் இறங்கிவிடலாம். பஸ்ஸின் பின் கண்ணாடியில் தலைகள் தெரிந்தன, தெரிந்த தலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். “பஸ்ஸப் பாக்காத, ரோட்டப் பாரும்மா. அடுத்த திருப்பத்துல யூ-டர்ன்” என்றார் பாய். பஸ்ஸை நேராகப் போகவிட்டு, வலது இண்டிகேட்டரைப் போட்டேன்.