நான் வெட்டிய கயிறு

என் எடை எண்பத்திரண்டு கிலோ. யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். பாறை ஏறுகிற கூட்டத்தில் எனக்கு இடம் கிடைத்ததே இந்த எடையால்தான்.

போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட்டில் எனக்குத் தையல் கடை. ரவிக்கை தைப்பேன், படகுக்கு மேல்துணி தைப்பேன், தார்ப்பாய்க்கு ஓரம் அடிப்பேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், தீவுக் கப்பலில் ஃபிட்டராக வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இடுப்பில் கட்டுகிற பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். தையல் பிரிந்திருந்தது. இதைக் கட்டிக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாறையில் தொங்குவேன் என்றார். அப்படியானால் தைக்க மாட்டேன், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். உயிரைத் தாங்குகிற தையலை ரவிக்கை மிஷினில் போட எனக்கென்ன பைத்தியமா? முகத்தைச் சுருக்கிக்கொண்டு போனவர் அடுத்த வாரமே திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமை கயிறு பிடிக்க ஆள் வேண்டும், கனமான ஆளாக இருந்தால் நல்லது என்றார். முகத்துக்கு நேராக அப்படிச் சொன்ன தைரியம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

வேலை இதுதான். ஏறுகிறவர் கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே போவார். வழியில் பாறையில் அடித்திருக்கும் வளையங்களில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். மறுபக்கம் என் இடுப்பில். கை நழுவி அவர் விழுந்தால் நான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கயிறு கொஞ்சம் நீண்டு கொடுத்து அவரைத் தாங்கிக்கொள்ளும்.

நாங்கள் மூன்று பேர். ஃபிட்டர், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும் வங்காளி மாஸ்டர், நான். டுங்கியில், அதாவது மீன்பிடிக்கிற சின்னப் படகில், முக்கால் மணி நேரம் போனால் கடலோரத்தில் எங்கள் பாறை. போகும் வழியெல்லாம் சாமான் பேச்சுதான். இந்தப் பேச்சை மெயின்லேண்ட்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்கு எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பது கவலை. எங்களுக்கு உப்புதான் கவலை. கை வழுக்காமல் இருக்கப் பூசுகிற வெள்ளைப் பொடி இந்த ஈரக் காற்றில் தோசை மாவாகிவிடும். ஷூவைப் பத்து நாள் எடுக்காமல் விட்டால் பச்சை பூத்துவிடும்.

“ஷூ ஒரு நம்பர் கம்மியா இருந்தாத்தான்க்கா பாறைல பிடிக்கும்,” என்பார் ஃபிட்டர்.

“ஒங்க கால் வெரலப் பாத்தா இஞ்சிக் கெழங்கு மாதிரி இருக்கு. வீட்டுல கொழம்புல போட்றப் போறாங்க,” என்பேன்.

மாஸ்டர் துருப்பிடிக்காமல் இருக்கக் கொக்கிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். அதில் மணல் ஒட்டிக்கொண்டு கொக்கி திறக்காது. “மாஸ்டர், கொக்கிக்கு எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டியாச்சா, சாம்பிராணி போடலயா?” என்று கேட்டால், “அரே தீதி, சோடோ நா,” என்று விட்டுவிடச் சொல்லிக் கும்பிடுவார்.

கயிறு விஷயத்தில் இந்தத் தீவில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. கப்பலையே கட்டுகிற கயிறு மனுஷனைத் தாங்காதா என்பார்கள். அரிசி, மருந்து, கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் கப்பலில் வருவதால் கப்பல் கயிற்றின் மேல் எங்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. ஃபிட்டரே முதல் வருஷம் அதில்தான் ஏறியிருக்கிறார். அந்தக் கயிறு நீளாது. விழுந்தால் கயிறு அறாது, முதுகு முறியும். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் மெயின்லேண்டிலிருந்து ஏறுகயிறு வரவழைத்தோம். நீல நிறம், அறுபது மீட்டர். கப்பலில் வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று. எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திரும்பி வரும்போது அலை தூக்கிப் போட்டது. படகின் விளக்குக்கு வைத்திருந்த பேட்டரி சாய்ந்தது. படகுக்காரர் அதை நிமிர்த்தி வைத்தார். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கயிறு அந்தப் பேட்டரிக்குப் பக்கத்தில், நான் தைத்த காடாத் துணி விரிப்பில் மூட்டையாகச் சுற்றிக் கிடந்தது.

வியாழக்கிழமை அந்த விரிப்பைத் துவைத்தேன். அலசும்போது விரல் துணிக்குள் போயிற்று. இன்னொரு இடத்திலும் போயிற்று. விரித்துப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. மூட்டை கட்டியிருந்த மாதிரியே மடித்துப் பார்த்தேன். எல்லா ஓட்டையும் ஒன்றுக்கு நேராக ஒன்று வந்தது. மேல் மடிப்பில் இருந்த ஓட்டை கடைசி மடிப்பிலும் இருந்தது. அதற்கு உள்ளே இருந்தது கயிறு மட்டும்தான். படகில் பேட்டரி சாய்ந்தது நினைவுக்கு வந்தது.

ஃபிட்டருக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய நாள். பாறையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே குடை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இடம் ஒன்று உண்டு. அதைத் தாண்ட இரண்டு வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார். அவருடைய வீடியோவைப் பார்த்துவிட்டு மெயின்லேண்டிலிருந்து ஒரு பெரிய ஏறுகாரர் கேமராவோடு வருகிறார். ஷூவும் இடுப்புப் பட்டையும் மட்டும்தான் கொண்டுவருகிறார், கயிறு எங்களுடையதுதான். திங்கட்கிழமை ஃபிளைட்டில் போய்விடுவார். இந்தத் தீவில் பாறை ஏறுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று அதுவரை யாருமே ஃபிட்டரைத் திரும்பிப் பார்த்ததில்லை. எனக்கு இது தெரியாமல் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் கயிற்றை எடுக்கக் கடைக்கு வந்தார்கள். விரிப்பைக் காட்டினேன்.

“சாபூன் ஜாஸ்தி போட்டிருப்பீங்கக்கா,” என்றார் ஃபிட்டர்.

“இருபது வருஷமாத் துணியோட கெடக்குறேன். சோப்பு ஓட்டை எது, எலி ஓட்டை எது, பேட்டரி ஆசிட் ஓட்டை எதுன்னு எனக்குத் தெரியாதா?”

கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார்கள். ஒரு நூல்கூடப் பிசிறவில்லை, நிறம்கூட மங்கவில்லை. ஆசிட் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயே நூலைத் தின்றுவிடும் என்றேன். கடல் தண்ணீர் எல்லாவற்றையும் கழுவியிருக்கும் என்று மாஸ்டர் இந்தியில் சமாதானம் சொன்னார். பிறகு இருவரும் கடைக்குப் பின்னால் இருக்கும் பலா மரத்தில் கயிற்றைப் போட்டுச் சேர்ந்து தொங்கினார்கள்.

“தேக்கோ, பாருங்கக்கா, ரெண்டு பேரத் தாங்குது. பக்கா.”

“தொங்குறது வேற தம்பி, விழுறது வேற.”

கயிற்றைக் கடைக்குள் கொண்டுவந்து போட்ட ஃபிட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “மேல போறது நானு. உசுரு என்னுது. கீழ நிக்கிறவங்களுக்கு என்ன?”

என் காது சுட்டது. ஐந்து வருஷம் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவளுக்கு இதுதான் மரியாதையா?

“எனக்கு என்னவா? அறுந்தா நீங்க ஒரேடியாப் போயிருவீங்க. ஒங்க பொஞ்சாதி முன்னால மிச்சக் கயித்த இடுப்புல கட்டிக்கிட்டுப் போய் நிக்கிறது யாரு? நாந்தானே?”

“அப்ப நீங்க வராதீங்க. மாஸ்டர் பிடிப்பாரு.”

சொல்லிவிட்டுக் கயிற்றை எடுக்கக் குனிந்தார். நான் வராமல் இருந்தால் மட்டும் போதாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்டு மேஜை மேலிருந்த பெரிய கத்தரிக்கோலை எடுத்தேன். கயிற்றின் நடுவைக் காலால் மிதித்துக்கொண்டு வெட்டினேன். லேசில் போகவில்லை. நாலைந்து தடவை கடிக்க வேண்டியிருந்தது.

“அக்கா!” என்று கத்தினார் ஃபிட்டர். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வெட்டிய இடத்தில் மாஸ்டர் குனிந்து பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று, புது மல்லிச் சரம் மாதிரி இருந்தது. “பில்குல் சாஃப் ஹை, தீதி,” என்றார். சுத்தமாகத்தான் இருந்தது. ஒருவேளை தப்புப் பண்ணிவிட்டோமோ? ஆனால் பாதிக் கயிற்றிலும் ஏறுவார்கள் என்று தெரியும். அதனால் அந்தப் பாதிகளையும் வெட்டினேன், அந்தக் கால்வாசிகளையும் வெட்டினேன். எட்டுத் துண்டு. ஃபிட்டர் எட்டையும் வாரிக்கொண்டு போனார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் கூப்பிடவில்லை.

வந்த ஏறுகாரர் ஞாயிற்றுக்கிழமை கடலில் குளித்துவிட்டுத் திங்கட்கிழமை போய்விட்டார். படகுத்துறையில், சந்தையில், கப்பல் டிக்கெட் வரிசையில் எல்லாம் என்னைக் காட்டி, கயிற்றை வெட்டின பொம்பளை என்று பேச்சு. கடைக்கு வந்து கேட்டவர்களிடம் ஆமாம், நான்தான் வெட்டினேன் என்றேன். ஹட் பேயிலிருந்து அம்மா போன் செய்து, ஒரு மன்னிப்புக் கேட்டுத் தொலையேன் என்றாள். எதற்குக் கேட்க வேண்டும்? செய்தது தப்பென்று தோன்றினால்தானே கேட்க?

இரண்டரை மாதம் கழித்துப் புதுக் கயிறு வந்தது. ஃபிட்டர் அதைக் கடை மேஜையில் வைத்து, “இதுக்கு ஒரு விரிப்பு வேணும்,” என்றார். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடைப் பாறையில் அவர் ஆறு தடவை விழுந்தார். ஆறு தடவையும் கயிறு என்னை ஒரு முழம் தூக்கிவிட்டு அவரைப் பிடித்தது. அன்றைக்கும் அவர் அதைத் தாண்டவில்லை. கீழே இறங்கி வந்து, உள்ளங்கைத் தோல் உரிந்ததைக் காட்டிச் சிரித்தார்.

இந்தப் பொங்கலுக்கு டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் அவர் வீட்டில் சாப்பாடு. பின்னால் கை கழுவப் போனேன். இரண்டு தென்னைக்கு நடுவே அந்த நீலக் கயிற்றின் ஒரு துண்டு, துணிக்கொடியாக. அவருடைய கிரீஸ் படிந்த வேலைச் சட்டையும் மகளின் பள்ளிக்கூடப் பாவாடையும் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் பின்னாலேயே வந்து கயிற்றைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

“பாத்தீங்களாக்கா? ஒரு மழைக்காலமே தாண்டிருச்சு. இன்னும் அறல. நல்ல கயித்தப் போய் வெட்டிட்டீங்க.”

“நல்ல கயிறாவே இருக்கட்டும் தம்பி,” என்றேன். “துணி விழுந்தா எடுத்து மறுபடி தொவச்சுக்கலாம்.”