பச்சைக் காய்

மைசூரில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு விடுமுறையில் குடகிலுள்ள என் தோழி வீட்டுக் கோப்பித் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கடல் தாண்டிப் படிக்கப்போனதும் நான்தான். அந்த நினைப்பு என் தலையைக் குனியவிட்டதில்லை.

காலையில் தனியாக மலையில் இறங்கினேன். கோப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம் வழி கேட்டேன். அவர் என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"எந்தூரு நீங்க?"

"பொகவந்தலாவ. சிலோனு."

"அட, எங்கப்பாவும் அங்கதான், டிக்கோயாவுல பொறந்தவரு. அப்ப கொழுந்து எடுக்கத் தெரியுமா, பொஸ்தகம் மட்டுந்தானா?"

எனக்குச் சுருக்கென்றது. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவருடைய பையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மா கொழுந்து எடுக்கும் வேகத்தில் இரண்டு கையாலும் பறித்தேன். தேயிலையில் இளசுதான் வேண்டும். முற்றியதை எடுத்தால்தான் ஏச்சு விழும். கோப்பியில் பச்சைக் காய் குற்றம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வந்ததும் நிறைந்த பையைப் பெருமையாக நீட்டினேன்.

அவர் அதைத் திறந்து பார்ப்பதற்குள் ரைட்டர் வந்துவிட்டான். வேலையை மேற்பார்க்கும் எங்கள் ஊர்க் கண்டாக்குக்கு அங்கே அந்தப் பெயர். அவர் கையிலிருந்து பையை வாங்கித் தரையில் கவிழ்த்தான். பாதிக்கு மேல் பச்சை.

"கண்ணு அவிஞ்சு போச்சாடி?"

தடி அக்காவின் மணிக்கட்டில் இறங்கியது. அடுத்தது முழங்கையில்.

ஒருமுறை எங்கள் ஊர்க் கண்டாக்கு அம்மாவின் கூடையை எட்டி உதைத்தான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்களாம்; நானாக இருந்தால் சும்மா நிற்கமாட்டேன் என்று அன்று நினைத்திருந்தேன். இப்போது சும்மாதான் நின்றேன். படித்தவளுக்குப் பழம் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது அடியில் அக்காவின் காது கிழிந்தது. ரத்தம் சட்டைக்குள் ஓடியது.

"நான்தான் பறிச்சேன்" என்றேன்.

அவன் சிரித்தான். "நீங்க விருந்தாளி, மேடம். இவளுக்காகப் பொய் சொல்லாதீங்க." சொல்லிக்கொண்டே இன்னொன்று வைத்தான்.

தடியைப் பறித்து அவன் முகத்தில் அடித்தேன். உதடு பிளந்து அவன் காய்களின் மேல் விழுந்தான். மறுபடியும் ஓங்கினேன். அக்கா என் கையை முறுக்கிப் பிடித்தார்.

"மொத அடியிலயே சொல்லியிருக்கணும். இப்ப நீ பஸ் ஏறிருவ. நாளைக்குக் காலையில இவன் முன்னாடி நிக்கிறது யாரு?"

தடியை என்னிடமிருந்து பிடுங்கி, முந்தானையில் துடைத்து, அவனிடமே நீட்டினார்.

அன்று மத்தியானம் நான் பஸ் ஏறினேன்.