றெஜினா அக்கா கழுவிய சிலை

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மொன்றியலின் சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் இருந்தபோது றெஜினா அக்காவின் மகள் மெற்றில்டா தொலைபேசியில் கூப்பிட்டாள். "அங்கிள், அம்மா விடிய மோசம் போயிட்டா" என்றாள். அழவில்லை. புற்றுநோயோடு கிடந்த தாயை ஆறு மாதம் பார்த்ததில் அவளுக்கு அழுகை தீர்ந்திருக்க வேண்டும். நான் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். சாவுச் செய்தி கேட்டவுடன் மனிதர்கள் ஏன் நேரத்தைக் கேட்கிறார்களோ தெரியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் திரும்பவும் கூப்பிட்டாள். "முப்பத்தோராம் நாள் மலருக்கு நீங்கள்தான் எழுத வேணும். அம்மாவை உங்களுக்குத்தானே வடிவாத் தெரியும்." எங்கள் கோயில் பங்குச் சபையின் செயலாளராக இருந்த காலத்தில் இப்படி எத்தனையோ நினைவு மலர்களுக்கு எழுதியிருக்கிறேன். கஞ்சரை வள்ளல் என்றும், அயலவரோடு முகம் கொடுத்துப் பேசாதவரை அமைதியின் உருவம் என்றும் எழுதிக் கை பழகிவிட்டது. றெஜினா அக்காவுக்கும் அப்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் இந்த மலரை வைத்திருக்கும் உங்களில் பலருக்கு அவர் ஒரு பெயரால்தான் நினைவுக்கு வருவார்: கோயில் சிலையைக் கெடுத்த மனிசி. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு வேறு எதை எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

றெஜினா அக்கா மன்னாரில் இருந்து மகளிடம் வந்தவர். ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியரின் மரக்கறிக் கடையில் தக்காளியும் மிளகாயும் தரம் பிரிப்பது வேலை. குளிரில் விரல்கள் வெடித்திருக்கும். வாய் கொஞ்சம் நீளம். ஒருமுறை திருநாள் பூசையில் பிரசங்கம் முக்கால் மணி நேரத்தைத் தாண்டியபோது முன்வரிசை வாங்கில் இருந்து எழுந்து, "சுவாமி, கீழ சோறு ஆறுது" என்று சொன்னவர். சுவாமியும் சிரித்துவிட்டு முடித்துக்கொண்டார்.

அவருடைய மகன் அன்ரனைப் பற்றி உங்களில் சிலருக்கே தெரியும். பத்தொன்பது வயதில் ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவன். அதற்குப் பிறகு ஆளும் இல்லை, உடலும் இல்லை. அக்கா எத்தனையோ அலுவலகங்களுக்கு ஏறி இறங்கினார். எந்தப் பட்டியலிலும் பெயர் இருக்கவில்லை. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் கொஞ்சம் நம்பிக்கை வந்து, பிறகு அதுவும் போனது. செத்தவன் என்றும் சொல்ல மாட்டார், இருக்கிறான் என்றும் சொல்ல மாட்டார். "என்ர பெடியன்" என்று தொடங்கிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்.

நாங்கள் பூசை வைத்த கோயில் பழைய பிரெஞ்சுக்காரருடையது என்பது உங்களுக்குத் தெரியும். அதன் பக்கப் பீடத்தில் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சிலை இருந்தது. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. மெழுகுதிரிப் புகையில் கறுத்துப்போய் ஒருவரும் கவனிக்காமல் கிடந்தது. பளிங்கு மாபிள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது அலபாஸ்டர் என்ற கல். பார்வைக்கு மாபிள் மாதிரி, ஆனால் நகத்தால் கீறினாலே கோடு விழும், தண்ணீர் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். ஐந்நூறு வருடங்களுக்கு முன்னர் இங்கிலாந்தில் செதுக்கியதாம். அங்கே கோயில் சிலைகளை உடைத்தெறிந்த காலத்தில் எப்படியோ தப்பி, பிரான்சுக்குப் போய், அங்கிருந்து ஒரு குருவானவரின் பெட்டியில் மொன்றியலுக்கு வந்ததாம். இவ்வளவும் பிறகு தெரிந்தவை.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய கிழமையில், புதன்கிழமை, எல்லோருமாகச் சேர்ந்து கோயிலைக் கழுவுவது எங்கள் வழக்கம். அக்கா வந்த முதல் வருடம் அந்தச் சிலையைத் தானே தூக்கிக்கொண்டு கீழ்த்தளச் சமையலறைக்கு வந்தார். ஒரு பெரிய பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் பாதி பாதியாக வெட்டிய எலுமிச்சை, எங்கள் தேசிக்காய், இருந்தது. "அக்கா, ஈரத் துணியால துடைச்சாக் காணாதே?" என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. "செத்த பிள்ளையை ஆரும் துடைச்சுப் போட்டு விடுவினமே தம்பி? குளிப்பாட்டித்தானே அனுப்ப வேணும்."

தேசிக்காயைத் தலையில் தேய்த்தார். பிறகு நெற்றி, கண், மூக்கு, தாடி, மார்பு. உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றினார். காயங்களில் இருந்த பழைய சிவப்புச் சாயம் கரைந்து தண்ணீரில் இறங்கியது. ஊத்தை போகிறது என்றார். மாதாவின் பக்கத்தைத் துணியால் ஒற்றியதோடு விட்டுவிட்டார். "தாய்க்குக் காரியமில்லை, அவ உயிரோடதானே" என்றார். நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரைக் கழுவுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெரிய வெள்ளியன்று அந்தச் சிலை வெள்ளை வெளேரென்று இருந்தது. சனம் வரிசையில் நின்று முத்தமிட்டு முத்தி செய்தது. "எவ்வளவு வடிவா இருக்கு" என்று அன்று சொன்னவர்கள் இதை வாசிக்கிறவர்களுக்குள்ளும் இருக்கிறீர்கள்.

இப்படி எட்டு வருடம் கழுவினார்.

மூன்றாவது வருடம் பெரிய கிழமைக்கு நாலைந்து நாள் இருக்கையில் கோயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய கோயில்களில் இருக்கும் பொருட்களைப் படம் எடுத்துப் பதிவு செய்ய ஓர் அம்மா அதற்கு முந்தின கோடையில் வந்து போயிருந்தார். அவர் எழுதியது. தமிழ்ப் பகுதிச் செயலாளர் என்று என் பதவியைப் போட்டு வந்தது. முழுவதும் பிரெஞ்சு. என் பிரெஞ்சு டெபனர் கடையில் பால் வாங்கவும் மேலாளருக்கு போன்ஜூர் சொல்லவும்தான் காணும். ஆனால் உள்ளே சிலையின் படம் இருந்தது. ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு இருந்தது. அந்த வரியில் தண்ணீர் என்ற சொல்லும் கூடாது என்ற சொல்லும் எனக்கு விளங்கின. விளங்கவில்லை என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், எடுபடவில்லை. விளங்கியது.

றெஜினா அக்காவிடம் போய் எப்படிக் கழுவ வேண்டாம் என்று சொல்வது என்று யோசித்தேன் என்று இங்கே எழுதினால் என்னை நல்லவன் என்பீர்கள். அப்படி யோசித்தது உண்மைதான். அதைவிடப் பெரிய உண்மை, எனக்குச் சோம்பலும் பஞ்சியுமாக இருந்தது. யாரையாவது பிடித்து வாசிப்பிக்க வேண்டும், பதில் எழுத வேண்டும், கூட்டம் போட வேண்டும். பேந்து பார்ப்போம் என்று கோப்புக்குள் வைத்தேன். அந்தப் புதன்கிழமையும் தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தவன் நான்தான். அதற்குப் பிறகு வந்த ஐந்து புதன்கிழமைகளிலும் நான்தான்.

கோயிலை விற்கப் போகிறார்கள் என்ற கதை வந்தபோது கடிதம் எழுதிய அந்த அம்மா திரும்பி வந்தார். பூசை முடிந்து எல்லோரையும் கீழ்த்தளத்தில் இருக்கச் சொன்னார். மேசையில் சிலையை வைத்தார், பக்கத்தில் தான் முன்பு எடுத்த படத்தை வைத்தார். மாதாவின் முகத்தில் கண்ணிமை வரைக்கும் அப்படியே இருந்தது. மகனுக்கு முகமே இல்லை. மூக்கு இருந்த இடத்தில் ஒரு சின்ன மேடு, மற்றபடி வழவழப்பு. அவர் பேசியதைச் சென்னையிலிருந்து படிக்க வந்திருந்த ஒரு பிள்ளை எங்களுக்குச் சொன்னது. "யார் கழுவினாங்கன்னு கேக்குறாங்க." றெஜினா அக்கா எழுந்து நின்றார். "நான்தான்" என்றார். அந்த அம்மா வேறு ஏதோ கேட்டார். "தண்ணியில கழுவக்கூடாதுன்னு ஆறு வருஷம் முன்னாடியே லெட்டர் போட்டாங்களாம். வந்துச்சான்னு கேக்குறாங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தார்.

"அப்பிடி ஒண்டும் வரேல்லை" என்று சொன்னேன்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். படித்தவர்கள் பட்டிக்காட்டுப் பழக்கம் என்றார்கள். படிக்காதவர்கள் சாபம் என்றார்கள். வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் மானத்தை வாங்கிவிட்டாள் என்று ஒருவர் உரத்துச் சொன்னார். கோயில் திறப்பை அக்காவிடமிருந்து வாங்கி வரும்படி சபை தீர்மானித்தது. வாங்கப் போனது செயலாளராகிய நான். அவர் மறுபேச்சில்லாமல் சாவிக் கொத்திலிருந்து கழற்றித் தந்தார். அதற்குப் பிறகு எங்கள் பூசைக்கு வரவில்லை. இரண்டு பஸ் மாறி, தமிழர் ஒருவரும் போகாத ஒரு கோயிலுக்குப் போய்ப் பின் வாங்கில் இருந்துவிட்டு வருவாராம்.

போன வருடம் இலையுதிர் காலத்தில், சொல்லிவிடுவது என்ற முடிவோடு சந்தைக்குப் போனேன். மிளகாய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். நான் வாய் திறப்பதற்கு முன்னர் அவர் கேட்டார். "சிலை இப்ப எங்க தம்பி?"

"ஒரு மியூசியத்தில அக்கா."

"சனம் பாக்குதோ?"

"இல்லை. கீழ ஒரு அறையில பெட்டிக்குள்ள வைச்சிருக்கினமாம்."

கையில் இருந்த மிளகாயைப் பெட்டியில் போட்டார். "முகமில்லாத பிள்ளையை ஆர் வெளியில வைப்பினம்" என்றார். பிறகு, "ஒருத்தனை அவங்கள் கொண்டு போனாங்கள். மற்றவனை நானே என்ர கையாலக் கரைச்சுப் போட்டன்" என்றார். குரல் உயரவில்லை, கண்ணும் கலங்கவில்லை. கடிதத்தைப் பற்றிச் சொல்ல அதைவிட ஏற்ற இடம் எனக்கு வாய்த்திருக்காது. இல்லை அக்கா, நீங்கள் இல்லை என்று ஒரு வரி போதும். நான் மிளகாய் வாங்கிக்கொண்டு மெட்ரோவுக்குப் போனேன். இந்த வருடம் மே மாதம் ஊரில் போர் முடிந்த செய்திகள் வந்தபோது அவர் ஏற்கனவே படுக்கையில் இருந்தார். ஒருமுறை பார்க்கப் போனேன், அன்றும் சொல்லவில்லை. நோயாளியை ஏன் குழப்ப வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னர் மெற்றில்டாவின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவளுடைய சமையலறை மேசையில் இருந்து வாசித்துக் காட்டினேன். கோப்பில் இருந்த கடிதத்தையும் எடுத்துப் போயிருந்தேன். அவள் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். கடிதத்தை ஒருமுறை வாசிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

"அம்மா கடைசி மட்டும் வெள்ளிக்கிழமையில ஒருசந்தி இருந்தவ, அங்கிள்" என்றாள். "மருந்து குடிக்கிற நாளிலையும் சாப்பிட மாட்டா. சிலைக்குச் செய்த பாவத்துக்கெண்டு சொல்லுவா."

கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினாள்.

"இதைப் போடுங்கோ. ஒரு எழுத்தும் மாத்தாமப் போடுங்கோ. ஆனா பூசைக்கு நீங்கள் வர வேண்டாம்."

ஆகவே இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது நான் மண்டபத்தில் இருக்க மாட்டேன். நான் எங்கே என்று அவளைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். இறந்தவரிடமிருந்து நாம் எதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லித்தான் இப்படியான கட்டுரையை முடிப்பது வழக்கம். அவருடைய துணிவு, பக்தி என்று ஏதாவது எழுத எனக்குத் தகுதியில்லை. சிலையைக் கெடுத்தது யார் என்று உங்கள் பிள்ளைகள் எப்போதாவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது, கோயில் சிலையைக் கெடுத்த ஆள் என்ற அந்தப் பெயர் ஒன்றைத்தான்.